குறையில்லாத தெரு

தேசியச் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தில் வீட்டுக்கொரு பெட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். குறைகளை அதுவே கேட்டு மேலிடத்துக்குச் சொல்லிவிடுமாம். இனி யாரும் மனு எழுத வேண்டாமாம்.

செண்பகவல்லி அதை நம்பவில்லை. "சும்மா குடுப்பானா? நாம பேசுறத ஒட்டுக் கேக்கத்தான் வச்சிருக்கான்" என்று வீட்டிலுள்ளவர்களின் வாயைக் கட்டினாள். பெட்டியின் காதில் விழும்படி, "எங்களுக்கு ஒரு குறையும் இல்லப்பா" என்று தினமும் உரக்கச் சொன்னாள். தெருவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவது நின்றுபோனது. நான்காம் நாள் காலிக் குடத்தோடு நகராட்சி அலுவலகத்தில் போய் நின்றாள்.

அதிகாரி திரையைப் பார்த்தார். "ஒங்க தெருவுல கொறையே இல்லன்னு பதிவாயிருக்கும்மா. அதான் லாரிய வேற பக்கம் அனுப்பிட்டாங்க."

"பயந்துகிட்டுச் சொன்னோம் சார். நெசத்தச் சொன்னா என்ன ஆகுமோன்னு…"

அவர் பதறிப்போய்க் கையமர்த்தினார். அவர் மேசையிலும் ஒரு பெட்டி இருந்தது. அதைப் பார்த்தபடியே, "திட்டம் ரொம்ப நல்லா நடக்குதும்மா!" என்று உரக்கச் சொன்னார். பிறகு ஒரு துண்டுத் தாளில் அவசரமாக எழுதி, அவள் கையில் திணித்தார்.

'எங்க வீட்டுலயும் தண்ணி வரல. சத்தம் போட்டுப் படிச்சிராதீங்க.'