எழுபத்திரண்டாவது கிலோமீட்டர்

"ஐயோ, என் காலு! யாராவது வாங்களேன்!"

நெடுஞ்சாலையின் எழுபத்திரண்டாவது கிலோமீட்டரில் கவிழ்ந்து கிடந்த காருக்குள்ளிருந்து வந்த அலறலைக் கேட்டு, போக்குவரத்து போலீஸ் கேப்டன் முஹன்னத் சிரித்துவிட்டார்.

"எந்த நாடகக் குழுவுல புடிச்சாங்க இவனை? ஒரு விபத்து ஒத்திகைக்கே இந்தக் கத்து கத்துறான்!"

"அது இழுவை லாரிக்காரன் பொறுப்பு. காரையும் ஆளையும் ஒன்பது மணிக்கு இங்கே கொண்டுவந்து போடச் சொல்லியிருந்தோம்" என்றார் தீயணைப்பு அதிகாரி அபூ லைஸ். "நான் என் வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தறேன்."

"நிறுத்திட்டா அக்கபா துறைமுகத்துக்குப் போற லாரியெல்லாம் என் தலை மேலயா போகும்? ஒரு பக்கம் வழி விடுங்க."

"வழி விட்டா என் ஆளுங்க அடிபட்டுச் சாவாங்க. நீங்களா பதில் சொல்வீங்க?"

"முதல்ல நான் அவரைப் பார்க்கணும்" என்றாள் ஆம்புலன்ஸ் டாக்டர் ரகத்.

"பொறும்மா. யார் முதல்லன்னு முடிவு பண்ணத்தானே இந்த ஒத்திகையே!" என்றார் முஹன்னத்.

"என் பொண்டாட்டிக்கு ஒரு போன் போடுங்க..." காருக்குள் குரல் தேய்ந்தது.

"வசனம் பிரமாதம்!" என்றார் அபூ லைஸ்.

வாக்குவாதம் முடியவில்லை. முஹன்னத்தின் கடிகாரத்தில் பதினான்கு நிமிடம் கடந்தபோது அவர் போன் அடித்தது. இழுவை லாரி ஓட்டுநர்.

"மன்னிச்சுக்குங்க சார், பின்னாடி நெரிசல்ல மாட்டிக்கிட்டோம். ஒத்திகைக் கார் இன்னும் லாரி மேலதான் இருக்கு. நடிகர் என் பக்கத்துல உக்காந்து ஃபலாஃபல் தின்னுக்கிட்டிருக்கார். நீங்க இன்னும் ஆரம்பிக்கலையே?"

முஹன்னத் காரைத் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே இப்போது யாரும் கத்தவில்லை.