கொய்யாக்கிளையில் வாழைநார்

"என்னை வேலையை வுட்டுத் தொரத்தத்தான் அந்தம்மா இப்டி பண்ணுது" என்று காறித் துப்பினாள் குப்பம்மா.

விஷயம் இதுதான். திருநீர்மலைக்குப் பக்கத்தில் ஞானஜோதி டீச்சரின் கீரைத் தோட்டம். அங்கே கூலிக்குக் கீரை பிடுங்கிக் கட்டு கட்டும் வாழைநார் எப்போதும் குப்பம்மாவின் காலடியில்தான் கிடக்கும். இப்போது கொய்யாக்கிளையில் தொங்குகிறது. யாரும் எடுத்துத் தரக்கூடாது என்று உத்தரவு வேறு.

குப்பம்மாவுக்கோ இரண்டு கையும் தோளுக்கு மேல் எழும்பாது. கொண்டை போடக்கூட மருமகள் வேண்டும். மருமகளோ கொண்டையோடு நாலு வசவையும் சேர்த்து முடிந்துவிடுவாள்.

நார் எட்டாதவள் எப்படிக் கட்டு கட்டுவாள்? கட்டு கட்டாதவளுக்கு ஏது வேலை?

போன மாசம் சர்ச் முகாமில் பிசியோதெரபி பெண் ஜாஸ்மின், சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றச் சொன்னாள். தினமும் செய்தால் தோள் இளகுமாம். குப்பம்மா சிரித்த சிரிப்பில் முகாமே கலைந்துபோனது.

"நாள்பூரா குனிஞ்சி கீரை புடுங்கறவளுக்கு எக்சர்சைஸா? பல்லி மாதிரி செவுரு ஏறச் சொல்றியா கண்ணு?"

நாருக்கு வருவோம். குப்பம்மா விடுவாளா? டீச்சரின் பரம்பரையையே திட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, எக்கி எக்கி உருவினாள். இன்று எட்டினால் நாளை நார் இன்னும் கொஞ்சம் உயரப் போய்விடும். தோட்டக்கார ஜெயவேலுதான் ஏற்றிக் கட்டுவார். டீச்சருக்கும் தோள்வலி, கை தூக்க வராது. "தன்னால முடியலன்னு ஆள் வெச்சி கட்டுது பாரு" என்று அதற்கும் ஒரு வசவு.

ஜாஸ்மின் தோட்டத்துக்கு வந்த அன்று குப்பம்மா இரண்டு கையையும் தூக்கி, தானே கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அட, கை நல்லா ஏறுதேக்கா. டீச்சர், நான் சொன்ன மாதிரியே நாரைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனீங்களா?"

டீச்சர் "உஷ்" என்பதற்குள் குப்பம்மாவின் காதில் விழுந்துவிட்டது. கொண்டையிலிருந்து கையை எடுக்காமலே கொய்யாக்கிளையை அண்ணாந்து பார்த்தாள்.

"சரி, உங்க தோளுக்கு எக்சர்சைஸ் செய்றீங்களா டீச்சர்?"

"எனக்கு எங்கம்மா நேரம்?"

மறுநாள் மூக்குக்கண்ணாடியைக் காணாமல் டீச்சர் தோட்டம் முழுக்கத் தேடினார். அது கொய்யாக்கிளையில் ஆடிக்கொண்டிருந்தது.

குப்பம்மா கீரைக்கட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"ஜெயவேலண்ணன்கிட்ட சொல்லிட்டேன், எறக்கித் தரமாட்டாரு. இன்னிக்கு கீழ்க்கிளைதான் டீச்சர், எக்கி எடுங்க."