எந்த நாட்டுக்காரர்?

“போன வருஷம் எந்த நாட்டுல அதிகமா இருந்தீங்க சார்?” என்று கேட்டாள் சபீனா.

எதிரில் உட்கார்ந்திருந்த ஸ்ரீஹரிக்கு நாற்பது வயதிருக்கும்.

“பாதி சிங்கப்பூர், பாதி இங்க. சம்பளம் சிங்கப்பூர்ல வருது. ஜெர்மனி கம்பெனி ஒண்ணுக்கும் டிசைன் பண்ணிக் கொடுக்கறேன். நடுவுல ஸ்ரீசிட்டியில ஒரு ஃபேக்டரி வேலைன்னு வந்தேன். அது இழுத்துக்கினே போச்சு.”

திருப்பதியில் இருந்த அந்த ஆடிட்டர் ஆபீசில் சபீனா சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வெளிநாட்டு வருமானம் என்றால் ஆடிட்டர் காஞ்சனாவே பார்ப்பார். இன்றைக்கு என்னவோ, “நீயே பாரு. நான் இங்கதான இருக்கேன்,” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்துவிட்டார். தப்பாக எதையாவது சொல்லிவிடப் போகிறோமே என்று சபீனாவுக்குப் பயம்.

“சிங்கப்பூர்ல வருஷம் ஜனவரியில ஆரம்பிக்குது. நமக்கு ஏப்ரல்ல. அதனால ரெண்டு கணக்குலயும் நீங்க அரை வருஷத்துக்கு மேல வந்துட்டீங்க. ரெண்டு நாடுமே உங்கள எங்க ஆளுன்னு சொல்லும் சார்.”

“ரெண்டு பேரும் கூப்பிடறாங்கன்னா நல்லதுதான?”

“டாக்ஸு கட்டத்தான் சார் கூப்பிடறாங்க.”

ஸ்ரீஹரி சிரித்தார். “சரி, என்ன வழி?”

“ரெண்டு நாட்டுக்கும் நடுவுல வரி ஒப்பந்தம் இருக்குது. அதுல முதல்ல வீட்டப் பாக்கணும். நிரந்தரமான வீடு எங்க இருக்கு உங்களுக்கு?”

“சிங்கப்பூர்ல ஒரு ஃபிளாட், வாடகைக்கு. சித்தூர்ல சொந்தமா கட்டின வீடு. பூட்டிக் கெடக்குது.”

“அப்ப இங்க எங்க தங்கறீங்க?”

“ஸ்ரீசிட்டி பக்கத்துல, வரதய்யபாளையத்துல கம்பெனி கெஸ்ட் ஹவுஸ். தனியாத்தான். ஓட்டல்ல துன்னுக்கினு காலம் ஓடுது.”

காஞ்சனா தண்ணீர் பாட்டிலை எடுத்தார். குடிக்காமலே வைத்தார்.

“வீடு ரெண்டு பக்கமும் இருக்கறதால முடிவாகல. அடுத்தது, உங்க வாழ்க்கை எந்த நாட்டோட ஒட்டிக்கினு இருக்குதுன்னு பாக்கணும்.” சபீனா குரலைத் தாழ்த்தினாள். “சிங்கப்பூர்னு முடிவானா உங்களுக்கு லாபம் சார். இந்தியான்னா எல்லா நாட்டு வருமானத்தையும் இங்க காட்டணும். அங்க கட்டின வரியக் கழிச்சிக்கலாம்தான். ஆனாலும் மொத்த வரி கூட வரும்.”

“வந்தா வரட்டும்மா. இந்தியான்னே இருக்கட்டும்.”

“நம்ம இஷ்டத்துக்குப் போட முடியாது சார். வேலை அங்க இருக்குது. குடும்பமாவது இங்க இருக்கணும். கொழந்தைங்க?”

“இல்ல.”

“வீட்டுக்காரம்மா?”

ஸ்ரீஹரி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார்.

“திருப்பதியிலதான். சிங்கப்பூருக்கு வரமாட்டேன்னாங்க. இங்க தொழில் ஆரம்பிச்சிருந்தாங்க. அத நான் பெருசா நெனைக்கல. கோவத்துல கெளம்பிட்டேன். ரெண்டு வருஷமா பேச்சில்ல.”

“இவ்ளோ பக்கத்துல இருந்துக்கினு போய்ப் பாக்கலியா சார்?” கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதென்று சபீனாவுக்குத் தோன்றியது.

அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. “வீட்டு வாசல் வரைக்கும் போவேன். பெல் அடிக்கத் தைரியம் வராது. நான் இன்னும் அவங்க வீட்டுக்காரன்தானான்னு எனக்கே தெரியலம்மா. அவங்களத்தான் கேக்கணும்.”

சபீனா ஃபைலை மூடினாள். “கேட்டுட்டு வாங்க சார். அவசரமில்ல.”

ஸ்ரீஹரி எழுந்திருக்கவில்லை.

பக்கத்து மேஜையில் கீபோர்டு சத்தம் நின்றது.

“இந்தியான்னே போடு சபீனா,” என்றார் காஞ்சனா, திரையிலிருந்து பார்வையை எடுக்காமல். “அவரு இன்னும் என் வீட்டுக்காரருதான்.”