ஒன்பதும் பதினாலும்

"நேரம் அளக்குற ஸ்கோப் கெட்டுப் போச்சு கொலின். சரி பண்ணி அளந்து ரிப்போர்ட் குடுக்க செவ்வாய்க்கிழமை ஆயிடும்."

டீ நேரத்தில் சீஸ் ரோலைக் கடித்துக்கொண்டே முதலாளியிடம் சொன்னார், டெஸ்ட் பார்க்கும் நெவில். எதிரே உட்கார்ந்திருந்த ரேவினைப் பார்க்கவே இல்லை.

செவ்வாயா? ரேவினுக்குச் சுருக்கென்றது.

அவளுடைய தொண்ணூறு நாள் சோதனைக் காலம் திங்களோடு முடிகிறது. அதற்குள் முதலாளி காரணமே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம். இவளுக்கு முன்னால் வந்தவனைக் கொலின் எண்பத்தெட்டாம் நாள் அப்படித்தான் அனுப்பினார். இவள் வேலைக்கு இருக்கிற ஒரே சாட்சி நெவில் தரப்போகும் ரிப்போர்ட். வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். இன்வர்கார்கில் ஊரில் இந்த வேலைக்கு வேறு கம்பெனியும் கிடையாது.

அவர்கள் செய்வது இறைச்சி அறுக்கும் ரம்பம். பிளேடு பக்கம் நீலக் கையுறை வந்தால், கேமராவில் பார்த்து பிரேக் போடச் சொல்ல வேண்டியது புரோகிராம். அதற்குப் பத்து மில்லிசெகண்டுதான் கெடு. தாண்டினால் யாரோ ஒருவருக்கு விரல் போச்சு.

இருபது எடுத்துக்கொண்டிருந்த புரோகிராமை ரேவின் செதுக்கிச் செதுக்கி ஒன்பதுக்குக் கொண்டுவந்திருந்தாள். நூறு தடவை அளந்துவிட்டாள். நூறு தடவையும் ஒன்பதுதான்.

நெவில் அந்தண்டை போனதும் ஸ்கோப்பைப் போட்டுப் பார்த்தாள். ஜம்மென்று ஓடியது.

அடப்பாவி, பச்சைப் பொய்!

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. மூன்று நாளாக மனுஷர் ஐஸ் பெட்டியும் கையுமாக வருகிறார். அவள் புரோகிராம் ஓடும் போர்டை எடுத்துக்கொண்டு டெஸ்ட் ரூமைத் தாழ் போட்டுக்கொள்கிறார். இவள் கதவைத் தட்டினால் ஸ்கோப்பை அணைத்துவிட்டுத்தான் திறக்கிறார். இருக்காதா பின்னே? அந்த இருபது அவர் எழுதியது. நேற்று வந்தவள் பாதிக்குக் கீழே குறைத்தால் வயிறு எரியத்தானே செய்யும்!

நேரே கொலினிடம் போனாள்.

"ஸ்கோப் நல்லாத்தான் இருக்கு. நெவில் பொய் சொல்றார். அந்தப் பெட்டியில என்னத்தையோ கடத்துறார்."

"நெவிலா? பதினெட்டு வருஷ ஆளாச்சே!" கொலின் முகம் மாறிவிட்டது. "நீ போய்ப் பெட்டியைத் திறக்கச் சொல்லு. இந்த போனை முடிச்சுட்டு வர்றேன். பொய்யின்னா இன்னியோட அவருக்கு இங்க வேலை இல்லை."

கார் நிறுத்துமிடத்தில் நெவில் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"திறங்க அதை."

"வேண்டாம்மா, நாறும்."

"நாறட்டும். உங்க வண்டவாளம் எல்லாருக்கும் தெரியட்டும்."

திறந்தார். குப்பென்று அடித்தது. உள்ளே ஆட்டுக்கால்கள். ஒவ்வொன்றிலும் கொழுப்பும் ரத்தமும் அப்பிய பழைய கையுறை.

"ஐயே, என்ன கண்றாவி இது?"

"இறைச்சிக் கூடத்துல கழட்டிப் போட்டது. கெஞ்சி வாங்கிட்டு வந்தேன், கைக்குப் பதிலா ஆட்டுக்கால்ல மாட்டி அளக்க. நீ எந்தக் கையுறையை வச்சு அளந்தே?"

"பாக்கெட்டைப் பிரிச்சு, புதுசு."

"புதுசுல ஒன்பதுதான், பேச்சே இல்லை. ஆனா ரம்பத்துல நிக்கிறவன் கையுறை பத்து நிமிஷத்துல இப்படித்தான் ஆயிடும். நீலம் சரியாத் தெரியலை. உன் புரோகிராமுக்குச் சந்தேகம் வந்து இன்னொரு தரம் பார்க்குது. பதினாலு."

கெடு பத்து. பதினாலு!

"அப்புறம் ஏன் ஸ்கோப் கெட்டுப் போச்சுன்னு..."

"பதினாலுன்னு இன்னிக்கு எழுதிக் குடுத்தா, நாளைக்கு நீ வீட்டுல இருப்பே. திங்கள் தாண்டட்டும்னு பார்த்தேன். என் கையெழுத்து இல்லாம மெஷின் வெளியே போகாது, அதனால யார் விரலுக்கும் ஆபத்தில்லை. சனி, ஞாயிறு ரெண்டு பேரும் உக்காந்தா சரி பண்ணிடலாம். சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து சொல்றதா இருந்தேன்." பெட்டியை மூடினார். "ஸ்கோப்பை யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்கம்மா."

பின்னால் சரளைக் கல்லில் செருப்புச் சத்தம். கொலின்.

"என்ன ரேவின், தப்பு யார் மேலன்னு தெரிஞ்சுதா?"

"என் மேலதான் கொலின்," நெவில் முந்திக்கொண்டார். "ஸ்கோப்..."

"ஸ்கோப் நல்லா இருக்கு," என்றாள் ரேவின். "என் புரோகிராம்தான் கெட்டுப் போயிருக்கு. அதைச் சரி பண்ண எனக்கு நெவில் வேணும், கொலின். நான் இருந்தாலும் இல்லாட்டியும் அவரை விட்டுடாதீங்க."