கைப்பிடி மண்

"முன்பக்கம் வலது தோள் என்னோடது, பெரியப்பா. பிரிட்டோ அண்ணன் இடது பக்கம் பிடிக்கட்டும்."

பிரின்சி சொன்னதும் பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏசுபாதம் நாற்காலியை விட்டு எழுந்தார். பந்தல் நடுவே ஐஸ் பெட்டியில் கிடந்தது அவருடைய தம்பி ஜெரோம். ஜெரோமுக்குப் பிரின்சி ஒரே மகள்.

"இன்னா பேசற நீ? பொம்பளப் புள்ள சவப்பெட்டி தூக்கறது நம்ம குடும்பத்துல எங்கனா கீதா? இரும்புலியூரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். 'நீதாண்டி என்னைத் தூக்கணும்'னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அவன் குடுத்த செல்லம்தான் எல்லாம். கல்யாணம் பேசினா வேணாம்ன. முடிய வெட்டிக்கின. மறைமலை நகர்ல ஆம்பளைங்களோட சேர்ந்து சுமை தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டறேன்னு போன."

"நல்லாத்தானே ஓட்டறேன்?"

ஏசுபாதத்தின் மகன் பிரிட்டோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"வாய் மட்டும் கொறைச்சல் இல்ல. உன் பெரியம்மா செத்தப்போ வந்தியா நீ? கேளம்பாக்கம் ஹாஸ்டல்ல உக்காந்துகினு ஒரு போன்கூடப் பண்ணல. கொரோனாவுக்குப் பயந்து ஒளிஞ்சவளுக்கு இன்னிக்குத் தோள் குடுக்க ஆசையா?"

"அத்தான், அவ அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள் செல்லம்மா.

பிரின்சி அம்மாவின் கையை அழுத்தினாள். "வேணாம்மா. சொல்லிக் காட்டினா அப்பாவுக்குப் பிடிக்காது."

ஏசுபாதம் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஆஸ்பத்திரிலேந்து சுத்திக் கட்டி, நேரா கல்லறைக்கே கொண்டாந்துட்டாங்க. என்னைக் கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. பிரிட்டோவும் கொரோனா வந்து படுத்துகினு கெடந்தான். சொந்தம்னு வேற ஒரு ஆள் வரல. யாரு பெத்த புள்ளைங்களோ, நாலு பேரு, தலையிலேந்து கால் வரைக்கும் வெள்ளை டிரஸ். அவங்கதான் எறக்குனாங்க. அதுல ஒரு தம்பி கைப்பிடி மண் எடுத்துகினு என்கிட்ட வந்தான். மாஸ்க்குக்குள்ள குரலே சரியா கேக்கல. 'தொட்டுக் குடுங்க, உங்க பேரால நான் போட்டுடறேன்'னான். அவன் பேர்கூட எனக்குத் தெரியாது. இன்னிவரைக்கும் தெனம் அவனுக்காக ஜெபம் பண்றேன். அவன் ஆம்பள! அன்னிக்கு எந்தப் பொம்பள வந்தா, சொல்லு?"

பிரின்சி ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அவருடைய சட்டைப் பையில் வைத்தாள்.

"ஃபாதர் மூணு மணிக்கு வந்துடுவாரு. முன்பக்கம் வலது தோள் நான்தான்."

"நீ தோள் வெச்சா நான் குழிகிட்ட வரமாட்டேன். கூடப் பொறந்தவனுக்கு ஒரு பிடி மண்கூடப் போடமாட்டேன்."

பிரின்சி ஒரு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அது உங்க இஷ்டம், பெரியப்பா. அப்பா என் தோள்லதான் போவாரு."

மூன்று மணிக்குப் பெட்டி கிளம்பியது. ஜெரோம் கனத்த உடம்புக்காரர். மகளின் தோள் ஒருமுறைகூடத் தாழவில்லை. தெருவில் சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். பின்னால் நடந்து வந்த செல்லம்மாவுக்கு, மகளின் நிமிர்ந்த கழுத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஏசுபாதம் சொன்னபடியே கல்லறைத் தோட்டத்துக் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

குழி வெட்டும் தசரதன் யாரையும் கேட்காமல் கயிற்றின் ஒரு முனையைப் பிரின்சியிடம் நீட்டினார். அவள் அதைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பெட்டி ஆடாமல் அசையாமல் இறங்கியது.

"இதெல்லாம் எங்க கத்துக்கின?" என்றான் பிரிட்டோ மெதுவாக. அவள் கயிற்றைச் சுருட்டித் தசரதனிடம் கொடுத்தாள்.

ஃபாதர் ஜெபித்து முடித்தார். ஒவ்வொருவராக மண் போட்டார்கள். தசரதன் மண்வெட்டியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம், அண்ணா."

பிரின்சி குனிந்து கை நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். அவள் வருவதைப் பார்த்ததும் ஏசுபாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவர் எதிரே போய் நின்று கையை நீட்டினாள்.

"தொட்டுக் குடுங்க. உங்க பேரால நான் போட்டுடறேன்."

ஏசுபாதம் மெல்லத் திரும்பினார். அந்தக் கையைப் பார்த்தார். அவள் கண்களைப் பார்த்தார். பிறகு, பெயர் தெரியாமலே தினமும் தான் ஜெபித்துவந்த அந்தத் 'தம்பி'யின் கையைப் பிடித்துக்கொண்டு குழியை நோக்கி நடந்தார்.