ஆபீசர் வருவதற்கு முன் ஓர் ஒத்திகை

“எங்களைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறாங்க மேடம். ஒரு குறையும் இல்ல” என்று சக்கர நாற்காலியில் இருந்தவர் தழுதழுத்தார். கண்ணில் நீர்கூடக் கட்டியிருந்தது.

அடுத்த நொடி துள்ளி எழுந்தார். “இப்படித்தான் சொல்லணும். எல்லாருக்கும் புரிஞ்சுதா?”

அவர்தான் அந்தப் பராமரிப்பு இல்லத்தின் மேலாளர். இல்லங்களில் கவனிப்பு எப்படி இருக்கிறது என்று ஆய்வு செய்ய ஒரு ஆபீசர் பத்து மணிக்கு வருகிறார். அறிக்கை நன்றாக வந்தால்தான் லைசென்ஸைப் புதுப்பிப்பார்கள். போதாக்குறைக்கு, “உங்க ஆளுங்களையும் ஆய்வுல சேத்துக்கறோம்” என்று போனில் வேறு சொல்லிவிட்டார்கள். ஏதாவது உளறிக் கொட்டிவிட்டால்? அதற்குத்தான் இந்த ஒத்திகை.

கேள்வி கேட்க நாலாம் அறை அக்காவைப் பிடித்திருந்தார். அக்காவுக்கு வாய் நீளம்; இந்த வேலைக்கு அது போதும் என்பது மேலாளரின் கணக்கு. அக்காவின் சக்கர நாற்காலியை இவர் வாங்கிக்கொண்டு, தன் சுழல் நாற்காலியில் அவரை உட்கார வைத்திருந்தார்.

“சார், அந்த ஆபீசர் விஷயமா ஒண்ணு சொல்லணும். காலையிலேர்ந்து சொல்ல வர்றேன்...”

“அதெல்லாம் அப்புறம். இப்ப நீங்கதான் ஆபீசர். கேளுங்க.”

அக்கா பெருமூச்சு விட்டுவிட்டு, தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். “நீங்க பேசறதைப் பதிவு பண்ணிக்கலாமா? பதில் சொல்ல இஷ்டமில்லைன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்.”

“அடேயப்பா! வியாழக்கிழமை வகுப்புல இதெல்லாமா சொல்லித் தர்றாங்க?” அக்கா வாராவாரம் வெளியே போய்வரும் அது கூடை பின்னும் வகுப்பு என்றே அவர் நினைத்திருந்தார். “தாராளமா பண்ணிக்குங்க மேடம்!” என்று கும்பிடு போட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கறீங்க?”

“ஒம்பது மணிக்கு. நல்லா டிவி பாத்துட்டு.”

“ஆறு மணிக்கே விளக்கை அணைச்சுப் படுக்கப் போட்டுடறாங்கன்னு கேள்விப்பட்டேனே?”

மேலாளரின் வேஷம் கலைந்தது. “அக்கா! என் குடியைக் கெடுத்துடுவீங்க போலிருக்கே. ஆறுக்கே படுக்கப் போட்டாத்தான் ராத்திரிக்கு ஆள் வெக்காம சமாளிக்க முடியுது. அதெல்லாம் நமக்குள்ள. ஆபீசர் கேட்டா ஒம்பதுன்னுதான் சொல்லணும்.”

“தூக்கம் வரலைன்னா?”

“கண்ணை மூடிக்கிட்டுக் கிடங்க. யார் கேக்கப் போறாங்க?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. விளக்கு அணைந்ததிலிருந்து விடியும்வரை கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தைத் தாண்டியிருந்தது. “என்ன, இன்னும் ஆளைக் காணோம்?” ஆய்வு நிறுவனத்தில் கொடுத்திருந்த ஆபீசரின் நம்பரைத் தேடி எடுத்து அழுத்தினார்.

மேசைமேல் இருந்த போன் அடித்தது.

அக்கா அதை எடுத்து நிதானமாகக் காதில் வைத்தார்.

“ஆபீசர்தான் பேசறேன். அந்த ஆறு மணி விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க சார்.”