அமல் வெளியே நிற்கிறான்

"படுத்த படுக்கையா கெடக்கிற பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்காங்க சார். இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

பிரிஜெட் புகார்க் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். ஹெட்மாஸ்டர் கில்பர்ட்டுக்கு ஒன்றும் ஓடவில்லை. எழுந்திருக்கவே முடியாதவனை எப்படி வெளியே நிறுத்துவது?

அவள் மகன் அமல் மூன்றாம் வகுப்பு. இடுப்பில் ஆபரேஷன் ஆகி, மூன்று மாதமாக மர்பி டவுன் வீட்டில் கட்டிலோடு கிடக்கிறான். மற்ற முப்பது பிள்ளைகளும் வகுப்புக்கு வர, அவன் மட்டும் போனில் வருகிறான். பெஞ்சில் அவன் உட்காரும் இடத்தில் பள்ளிக்கூடத்துப் போன் ஒன்றும் குட்டி ஸ்பீக்கரும் இருக்கும்.

"நேத்து வேலை முடிஞ்சு வந்து, ஸ்கூல்ல என்னடான்னு கேட்டேன். லவினா மிஸ் இன்னைக்கும் வெளியே நிக்க வெச்சாங்கன்னு சிரிக்கிறான் சார். அழுகையை மறைக்கத்தான் சிரிக்கிறான்னு பெத்தவளுக்குத் தெரியாதா?"

கில்பர்ட் எழுந்தார். பின்னாலேயே பிரிஜெட்டும் போனாள்.

மூன்றாம் வகுப்பு காலி. பி.டி. பீரியட், பிள்ளைகள் எல்லாம் மைதானத்தில். லவினா மிஸ் மட்டும் உள்ளே நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். வராந்தாவில் ஒரு ஸ்டூல். அதன்மேல், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போன் நின்றது.

பிரிஜெட் அந்த ஸ்டூலையே முறைத்தாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் விளையாடப் போயாச்சு, இவனுக்கு மட்டும் தண்டனை. அதிலும் திருப்பி வேறு நிறுத்தியிருக்கிறாள், மகராசி.

கில்பர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, போனின் முதுகைப் பார்த்து விசாரித்தார்.

"அமல், என்ன தப்பு பண்ணே?"

"குட் மார்னிங் சார். கிளாஸ்ல பேசினேன் சார்."

"என்ன பேசினே?"

"யாருக்குமே கேக்கல சார். மியூட்ல இருந்தேன்."

நேற்று எதற்கு என்று கேட்டார். ஆடிக்கொண்டே இருந்தானாம். முந்தாநாள்? ஆடாமல் அசையாமல் இருந்தானாம். நெட் போய்விட்டது.

"அசைஞ்சாலும் தப்பு, அசையலைன்னாலும் தப்புன்னா, கொழந்தை என்னதான் சார் பண்ணும்?" என்றாள் பிரிஜெட்.

சத்தம் கேட்டு லவினா மிஸ் வெளியே வந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"உங்க சர்க்குலர்தான் சார். நேர்ல வர்றவங்களுக்கும் போன்ல வர்றவங்களுக்கும் தண்டனை ஒண்ணுதான், பத்து நிமிஷம் வெளியே நிக்கணும்னு போட்டிருக்கீங்க."

போட்டது நிஜம்தான். போன் வகுப்பைத் தாண்டக் கூடாது, பி.டி.க்கும் கூடாது, தண்டனைக்கு மட்டும் வெளியே போகலாம் என்றும் அவரேதான் போட்டிருந்தார். கீழே விழுந்து உடைந்தால் யார் பதில் சொல்வது?

பிரிஜெட்டுக்குப் பொறுமை போய்விட்டது. "சர்க்குலர் கெடக்கட்டும். என் பிள்ளையை நானே உள்ளே கொண்டுபோறேன்" என்று போன்முன் போய்க் கையை நீட்டினாள்.

"அம்மா, மறைக்காதம்மா. இன்னும் ரெண்டு ஓவர் இருக்கு."

நீட்டிய கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தாள். போனுக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், மூன்று செங்கல்லை அடுக்கி ஸ்டம்ப். அதைச் சுற்றித் தமிழும் கன்னடமுமாகச் சண்டை. பேட்டைக் கையில் வைத்திருந்த ஷங்கர் என்ற பொடியன் வராந்தாவைப் பார்த்துக் கேட்டான்:

"அம்பயர், நான் அவுட்டா?"

"நாட் அவுட்" என்றது ஸ்பீக்கர்.

சண்டை அடங்கிவிட்டது. அம்பயர் சொன்னால் சொன்னதுதான்.

பிரிஜெட் மெல்ல ஒதுங்கி, பக்கவாட்டில் குனிந்து போனைப் பார்த்தாள். அமல் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். நேற்று சிரித்த அதே சிரிப்பு. பாவி, அழுகை என்று நினைத்தேனே என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

லவினா மிஸ் தரையைப் பார்த்தாள். கில்பர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். என்ன இருந்தாலும் சர்க்குலர் அவர் கைப்பட எழுதியது.

"பத்து நிமிஷம் ஆச்சு மிஸ். போனை உள்ளே எடுத்துடுங்க."

பிரிஜெட் ஸ்டூலை ஒட்டி, மகனுக்கு மறைக்காமல் வந்து நின்றுகொண்டாள்.

"இருங்க சார். அவன் வீட்லயும் ஒரு தப்பு பண்ணியிருக்கான். அதுக்கும் சேர்த்து இன்னொரு பத்து நிமிஷம் நிக்கட்டும்."

"வீட்ல என்ன தப்பு பண்ணான்?"

"மேட்ச் முடியட்டும் சார், யோசிச்சுச் சொல்றேன்."